உப்பா, மஞ்சளா, சமையல் சோடாவா? காய்கனி கழுவுவது பற்றி ஒரு பதில்

உங்கள் கேள்வியை நான் புரிந்துகொண்ட விதத்தில் ஒருமுறை சொல்லிவிடுகிறேன். வீட்டில் மூன்று வயதிலும் ஆறு வயதிலும் இரண்டு குழந்தைகள். சந்தையிலிருந்து வரும் காய், கீரை, பழம் அனைத்தையும் மஞ்சள்தூளும் கல்லுப்பும் போட்ட தண்ணீரில் அரை மணி நேரம் ஊறவைக்கிறீர்கள். இப்போது ஒருவர் சமையல் சோடாதான் சரி என்கிறார், இன்னொருவர் வினிகர் என்கிறார், காய் கழுவுவதற்கென்றே கடையில் ஒரு திரவம் விற்கிறது. உங்கள் மாமியாரோ குழாய்த் தண்ணீரில் நன்றாக அலசினாலே போதும் என்கிறார். இவற்றுள் எது சிறந்தது என்று எழுதியிருக்கிறீர்கள். ஆனால் கேள்வி முழுவதையும் படிக்கையில், நீங்கள் உண்மையில் கேட்பது, பூச்சிமருந்து அடித்த காயைக் கழுவிவிட்டால் பயமின்றிக் குழந்தைக்குக் கொடுக்கலாமா என்பதுதான் என்று தோன்றுகிறது. இரண்டுக்குமே பதில் சொல்கிறேன்.

நான் 20 ஆண்டுகளுக்கு மேல் கல்லூரியில் உணவு நுண்ணுயிரியல் கற்பித்தவன். ஆகவே கிருமிகளைப் பற்றிச் சொல்லும்போது கையால் செய்து பார்த்த உறுதியோடு சொல்வேன். பூச்சிக்கொல்லி வேதியியல் என் துறை அன்று. அந்தப் பகுதியில் பிறர் செய்து வெளியிட்ட ஆய்வுகளைப் படித்தவன் என்ற அளவில்தான் பேசுவேன். இந்த வேறுபாட்டை மனத்தில் வைத்துக்கொண்டு மேலே படியுங்கள்.

காயின் மேல் ஒட்டிக்கொண்டு வீட்டுக்கு வருபவை மூன்று: மண்ணும் புழுவும், கண்ணுக்குத் தெரியாத கிருமிகளும் முட்டைகளும், பூச்சிமருந்தின் எச்சம். இம்மூன்றும் ஒரே வழியில் போகக்கூடியவை அல்ல. உப்புத் தண்ணீரைப் பற்றியும் சோடாவைப் பற்றியும் நடக்கும் வாதங்களில் பெரும்பாலானவை, ஒன்றுக்கு உதவுவதை மூன்றுக்கும் உதவும் என்று எடுத்துக்கொள்வதால் எழுபவை. உப்புத் தண்ணீரின் வேலை முதல் வகையோடு ஏறக்குறைய முடிந்துவிடுகிறது. காலிஃபிளவரைப் பூப்பூவாகப் பிரித்து, வெதுவெதுப்பான உப்புநீரில் பத்து நிமிடம் போட்டால், இடுக்கில் ஒளிந்திருக்கும் பச்சைப் புழுக்கள் பிடிவிட்டு மேலே மிதந்து வரும். அதற்கு அது நல்ல முறை, விடாதீர்கள். ஆனால் சமையலறையில் நாம் போடும் அளவு உப்பு கிருமிகளைக் கொல்லாது. ஒரு தேக்கரண்டி மஞ்சள்தூளும் கொல்லாது.

கிருமிகளுக்கு வருகிறேன். ஆண்டுதோறும் முதல் பருவத்தில் மாணவர்களுக்கு ஒரு பயிற்சி வைப்பேன். சந்தையில் ஒரு கட்டுக் கொத்தமல்லி வாங்கி வந்து, கொதிக்கவைத்து ஆறிய நீரில் தனித்தனிப் பாத்திரங்களில் நான்கு முறை அலச வேண்டும். ஒவ்வொரு முறையும் அலசிய நீரில் ஒரு துளியை எடுத்து, கிருமி வளர்க்கும் கூழ் ஊற்றிய கண்ணாடித் தட்டில் பரப்பி, 37 டிகிரி வெப்பத்தில் ஒரு நாள் வைக்க வேண்டும். மறுநாள் காலையில் முதல் தட்டைத் திறந்தால் இடைவெளியே இல்லாமல் பால் ஆடை போல் வெளிறிய படலம் மூடியிருக்கும். இரண்டாவது தட்டில் ஆங்காங்கே திட்டுகள் பிரிந்து தெரியும். மூன்றாவதில் புள்ளிகளை விரல் வைத்து எண்ணலாம். நான்காவது தட்டு மூன்றாவதைப் போலவேதான் இருக்கும், ஒரே ஓர் ஆண்டுகூட அது வெறுமையாக இருந்ததில்லை. அந்த நான்கு தட்டுகளையும் வரிசையாக மேசைமேல் வைத்துவிட்டால், அதற்குமேல் நான் வகுப்பில் விளக்க வேண்டியது அதிகம் இருக்காது.

நல்ல தண்ணீரில் நன்றாக அலசினால் மேற்பரப்பில் உள்ள கிருமிகளில் பத்தில் ஒன்பது பங்கு முதல் நூற்றில் தொண்ணூற்றொன்பது பங்கு வரை போய்விடும். இது பல ஆய்வுகளில் திரும்பத் திரும்பக் கண்ட, ஐயமில்லாத முடிவு. மீதி எத்தனை என்பதுதான் கவலைக்குரியது. ஒரு கிராம் கீரையில் பத்து லட்சம் கிருமிகள் இருந்து அவற்றில் 99 விழுக்காடு போனாலும் 10,000 மிஞ்சுகின்றன. அவற்றில் ஏறக்குறைய எல்லாமே மண்ணிலும் இலையிலும் இயல்பாக வாழும் தீங்கற்றவை. கழிவுநீர் கலந்த பாசனத்தாலோ கையாண்டவரின் கழுவாத கையாலோ நோய்க்கிருமி ஏறியிருந்தால், தண்ணீர் அதைக் குறைக்குமே தவிர ஒழிக்காது. சமைக்கும் காயில் மிச்சத்தை அடுப்பு பார்த்துக்கொள்ளும். ஆகவே முழுக் கவனமும் செல்ல வேண்டியது பச்சையாகச் சாப்பிடுபவற்றின் மேல்: சட்னியில் அரைக்கும் கொத்தமல்லி, புதினா, தயிர்ப்பச்சடி வெள்ளரி, வெங்காயம், தக்காளி, கேரட், தோலோடு கடிக்கும் பழங்கள். கத்தரிக்காயையும் கோவைக்காயையும் கிருமிக்காக அரை மணி நேரம் ஊறவைப்பதில் பயனில்லை.

முட்டைக்கோசில் இருக்கும் புழு மூளைக்குப் போய்விடும் என்ற பேச்சை நீங்களும் கேட்டிருப்பீர்கள். அதில் பாதி உண்மை இருக்கிறது, ஆனால் இடம் மாறி இருக்கிறது. கோசு இலையைத் தின்னும் பச்சைப் புழு மனிதருக்கு ஒன்றும் செய்யாது. மூளையில் கட்டியாகத் தங்கி வலிப்பை உண்டாக்குவது பன்றி நாடாப்புழுவின் இளம்பருவம். அந்த நாடாப்புழு குடலில் உள்ள ஒரு மனிதரின் மலத்திலிருந்து அதன் முட்டைகள் மண்ணுக்கும் தண்ணீருக்கும் வந்து, அங்கிருந்து காய்மேல் ஏறுகின்றன. நம் நாட்டில் வலிப்பு நோய்க்கு இது முக்கியமான காரணங்களில் ஒன்று. இந்த முட்டைகளையும் உருண்டைப்புழு முட்டைகளையும் உப்பு, வினிகர், மஞ்சள், வீட்டில் பயன்படுத்தும் அளவு குளோரின் எதுவும் நம்பத்தக்க வகையில் கொல்வதில்லை. ஓடும் நீரும் தேய்க்கும் விரலும் அவற்றைப் பெயர்த்து எடுக்கின்றன, கொதிநிலை கொல்கிறது. கோசின் வெளி இலைகள் இரண்டு மூன்றைக் கழற்றி எறிந்துவிட்டு, உள்ளே உள்ளவற்றை நறுக்குவதற்கு முன் இலையிலையாகப் பிரித்துக் குழாயடியில் காட்டிச் சமைத்தால் அச்சப்பட ஒன்றுமில்லை. பச்சைக் கோசு சாலட்டைச் சின்னக் குழந்தைக்குக் கொடுப்பதை நான் தவிர்ப்பேன்.

எந்தத் தண்ணீரில் கழுவுகிறோம் என்பதைப் பலரும் யோசிப்பதில்லை. மேல்நிலைத் தொட்டியையும் தரையடித் தொட்டியையும் கடைசியாக எப்போது கழுவினீர்கள்? குழாய்க் கடைசியில் குறைந்தது லிட்டருக்கு 0.2 மில்லிகிராம் குளோரின் எஞ்சியிருக்க வேண்டும் என்கிறது இந்தியக் குடிநீர்த் தரம். ஆறு மாதம் கழுவாத தொட்டியில் நின்ற நீரில் அது இருக்காது. பச்சையாகச் சாப்பிடுபவற்றுக்கு முதல் இரண்டு அலசல் எந்தத் தண்ணீரானாலும், கடைசி அலசல் நீங்கள் குடிக்கும் தண்ணீராக இருக்கட்டும். கேரட்டுக்கும் இது பொருந்தும். நீலகிரியில், குறிப்பாகக் கேத்திப் பள்ளத்தாக்கில், அறுவடையான கேரட்டை மூட்டையாகக் கொண்டுவந்து சுழலும் இயந்திரத்தில் கொட்டிக் கழுவித்தான் லாரியில் ஏற்றுகிறார்கள். மண் போய்ப் பளபளப்பாக வருவதால் கழுவிய காய் என்று எண்ணி அப்படியே கடிக்கக் கொடுப்பவர்கள் உண்டு. மண் போயிருக்கிறது, அவ்வளவுதான். அந்தக் கழுவலை நீங்கள் குடிநீரில் செய்யும் கழுவலுக்கு ஈடாகக் கொள்ளாதீர்கள்.

தக்காளியில் ஒரு நுட்பம் உண்டு. வெயிலில் கிடந்து சூடேறிய தக்காளியைக் குளிர்ந்த நீரில் மூழ்கவைத்தால், உள்ளே இருக்கும் காற்று சுருங்கி, காம்பு பிடுங்கிய வடு வழியாக வெளிநீரை உள்ளே இழுத்துக்கொள்ளும். அந்த நீரில் கிருமி இருந்தால் அதுவும் சேர்ந்து உள்ளே போய்விடும், பிறகு எந்தக் கழுவலும் அதைத் தொட முடியாது. இதற்காகவே பெரிய அளவில் தக்காளி தரம்பிரிக்கும் கூடங்களில் தொட்டி நீரைக் காயைவிட ஏறக்குறைய 5 டிகிரி செல்சியஸ் கூடுதல் வெப்பத்தில் வைக்கச் சொல்கிறார்கள். வீட்டில் இவ்வளவு வேண்டாம். சந்தையிலிருந்து வந்த தக்காளி ஆறட்டும், பிறகு ஊறவைக்காமல் குழாயடியில் ஒவ்வொன்றாக உருட்டித் தேய்த்துக் கழுவுங்கள்.

தோல் உரித்துச் சாப்பிடும் பழத்தை ஏன் கழுவ வேண்டும் என்று கேட்பார்கள். 2011-இல் அமெரிக்காவின் கொலராடோவிலிருந்து சென்ற முலாம்பழங்களால் லிஸ்டீரியா என்ற கிருமி பரவி 147 பேர் நோயுற்றார்கள், 33 பேர் இறந்தார்கள். முலாம்பழத்தின் தோலை யாரும் தின்பதில்லை. ஆனால் சொரசொரப்பான தோலில் ஒட்டியிருப்பதைக் கத்தி தன்னோடு சதைக்குள் இழுத்துப் போகிறது. ஆகையால் முலாம்பழம், தர்பூசணி, ஆரஞ்சு, சாத்துக்குடி எல்லாவற்றையும் நறுக்குவதற்கு முன் கழுவ வேண்டும். முலாம்பழத்தை இதற்கென்றே வைத்துக்கொண்ட பிரஷ்ஷால் தேய்க்கலாம். கழுவிய பழத்தைச் சுத்தமான பருத்தித் துணியால் அழுத்தித் துடைப்பதும் கழுவலின் ஒரு பகுதிதான். ஈரத்தோடு கிருமியும் துணிக்கு வந்துவிடும். மாம்பழத்தைத் தண்ணீரில் போட்டுவைத்தால் சூடு தணியும் என்பார்கள். சூட்டைப் பற்றி நான் சொல்ல மாட்டேன், ஆனால் காம்படியில் வடிந்து காய்ந்த பால் ஊறிக் கழன்றுவிடுகிறது. குழந்தைகளின் உதட்டோரம் புண்ணாவது அந்தப் பாலால்தான், ஆகவே அந்தப் பழக்கம் நல்லது.

இனிப் பூச்சிமருந்து. உறுதியாகத் தெரிந்ததை முதலில் சொல்கிறேன். அமெரிக்காவின் கனெக்டிகட் மாநில வேளாண் ஆய்வு நிலையம் 2000-இல் வெளியிட்ட ஆய்வில், குழாய் நீரில் அலசியதில் 12 மருந்துகளில் 9 மருந்துகளின் எச்சம் குறைந்தது. நீரில் கரையும் மருந்தா கரையாத மருந்தா என்பது இதில் பொருட்டாகவில்லை. நீரின் ஓட்டமும் உரசலும்தான் தோல்மேல் படிந்ததைப் பெயர்த்தன. குறையாத மூன்றில் குளோர்பைரிபாஸ், பைஃபென்த்ரின் ஆகிய இரண்டும் நம் ஊர் உழவர்களுக்கும் தெரிந்த பெயர்கள். காய்கனி கழுவும் திரவங்களையும் அதே நிலையத்தில் சோதித்தார்கள், வெறும் தண்ணீரைவிட அவை மேலாகச் செயல்படவில்லை. கடைத் திரவத்துக்குப் பணம் செலவழிக்க வேண்டாம் என்று நான் சொல்வது இதை வைத்துத்தான்.

சமையல் சோடாவின் பெயர் பரவியது 2017-இல் மாசசூசெட்ஸ் பல்கலைக்கழகத்தில் நடந்த ஆய்வால். ஆப்பிள்மேல் தயபெண்டசோல், பாஸ்மெட் என்ற இரண்டு மருந்துகளைத் தடவி ஒரு நாள் விட்டுவைத்து, லிட்டருக்கு 10 கிராம், அதாவது ஏறக்குறைய இரண்டு சிறிய தேக்கரண்டி சமையல் சோடா கரைத்த நீரில் கழுவிப் பார்த்தார்கள். 12 முதல் 15 நிமிடத்தில் முதல் மருந்து 80 விழுக்காடும் இரண்டாவது 96 விழுக்காடும் நீங்கின. வெறும் தண்ணீரைவிட இது மேல் என்பது அந்த ஆய்வில் தெளிவு. ஐயத்துக்கு இடமாவது, இதை வெண்டைக்காய்க்கும் கத்தரிக்காய்க்கும் அப்படியே நீட்டுவது. சோடா வேலை செய்வது அதன் காரத்தன்மையால் அந்த மருந்துகளைச் சிதைத்து. காரத்தில் சிதையாத மருந்துகளும் இருக்கின்றன. மேலும், அதே ஆய்வில் தயபெண்டசோலில் ஐந்தில் ஒரு பங்கு ஒரே நாளில் தோலைத் தாண்டிச் சதைக்குள் போயிருந்தது, அதைச் சோடாவால் தொட முடியவில்லை. ஆப்பிள், திராட்சை, பேரிக்காய் போலத் தோலோடு தின்பவற்றைச் சோடாநீரில் பதினைந்து நிமிடம் வைத்துப் பிறகு இரண்டு முறை நல்ல நீரில் அலசுவதில் கெடுதல் இல்லை, சிறிது பயன் உண்டு. அதற்குமேல் அதனிடம் எதிர்பார்க்காதீர்கள். சோடாவையும் வினிகரையும் ஒன்றாகக் கலந்து நுரை பொங்குவதைக் காட்டும் காணொலிகளை மட்டும் பின்பற்ற வேண்டாம். அமிலமும் காரமும் ஒன்றையொன்று முறித்துக்கொண்டு, இரண்டின் வேலையும் அங்கேயே முடிந்துவிடுகிறது.

கழுவலுக்கு எட்டாத எல்லை ஒன்று இருக்கிறது. இமிடாகுளோபிரிட் போன்ற ஊடுருவும் வகை மருந்துகளைச் செடி உறிஞ்சித் தன் சாற்றிலேயே ஏற்றிக்கொள்கிறது. அது இலைக்குள்ளும் காய்க்குள்ளும் இருப்பது, மேலே இருப்பதன்று. எந்தத் தூளும் எந்தத் திரவமும் அதை வெளியே கொண்டுவராது. மருந்தடித்த நாளுக்கும் பறிக்கும் நாளுக்கும் இடையே விட வேண்டிய காத்திருப்புக் காலத்தை உழவர் கடைப்பிடிப்பதுதான் அங்கே பாதுகாப்பு. ஆகவே உங்கள் உண்மையான கேள்விக்கு என் பதில், கழுவுவது பூச்சிமருந்தைக் குறைக்கும், நீக்காது என்பதே. இதைச் சொல்வது உங்களைப் பயமுறுத்துவதற்காக அன்று. காய்கனி சாப்பிடாத குழந்தைக்கு வரும் குறைபாடு, அளவுக்குட்பட்ட எச்சத்தால் வரக்கூடியதைவிடப் பெரியது என்பதில் இத்துறையினரிடையே கருத்து வேறுபாடு இல்லை. ஒரே காயைத் தினமும் வாங்காமல் மாற்றி மாற்றி வாங்குங்கள், ஒரே மருந்தின் எச்சம் நாள்தோறும் சேர்வது அதனால் குறையும்.

கறிவேப்பிலையைத் தனியாகக் குறிப்பிட வேண்டும். நாம் ஒரு கொத்தை உருவி, பெயருக்கு நீரில் காட்டித் தாளிப்பில் போட்டுவிடுகிறோம். இந்தியாவிலிருந்து போகும் கறிவேப்பிலைக்கும் வெண்டைக்காய்க்கும் மருந்து எச்சத்தை முன்னிட்டு ஐரோப்பிய ஒன்றியம் 2014-இல் தனி ஒழுங்குமுறையே கொண்டுவந்தது. கேரள வேளாண் பல்கலைக்கழகத்தினர் புளிக்கரைசலில் ஊறவைத்து அலசச் சொல்கிறார்கள். காசு செலவில்லாதது, நான் வீட்டில் செய்கிறேன். புளிக்குப் பதில் நீர்த்த வினிகரும் ஆகலாம். முடிந்தால் தொட்டியில் ஒரு கன்று வைத்துவிடுங்கள்.

சோப்பும் பாத்திரம் தேய்க்கும் திரவமும் கூடவே கூடாது. 2020-இல் கொரோனா அச்சத்தில் பலர் தக்காளியைச் சோப்பு நுரையில் குளிப்பாட்டினார்கள். காய்கனியின் மேற்பரப்பில் நுண்துளைகள் உண்டு, சோப்பு அவற்றில் தங்கிக் குமட்டலும் வயிற்றுப்போக்கும் தரும். அந்த ஆண்டு இந்திய உணவுப் பாதுகாப்பு ஆணையமும் சோப்பு வேண்டாம் என்றே அறிவுறுத்தியது. 50 பி.பி.எம். (பத்து லட்சம் பங்கில் 50 பங்கு) அளவு குளோரின் கலந்த வெதுவெதுப்பான நீரில் முக்கி எடுக்கலாம் என்றும் அது சொன்னது. 5 விழுக்காடு சோடியம் ஹைப்போகுளோரைட் கரைசல் ஒரு மில்லிலிட்டரை ஒரு லிட்டர் நீரில் விட்டால் அந்த அளவு வரும். மணமும் நிறமும் சேர்க்காத, உணவுக்கு உகந்தது என்று குறிப்பிட்ட கரைசலாக இருக்க வேண்டும். தரை துடைக்க வாங்கியது ஆகாது. ஐந்து நிமிடத்துக்குப் பின் குடிநீரில் அலசிவிட வேண்டும். அன்றாடம் இது தேவையில்லை. மழைக்காலத்தில் ஊரில் வயிற்றுப்போக்கோ டைபாய்டோ பரவும்போது, பச்சையாகச் சாப்பிடும் கீரைக்கும் மல்லிக்கும் மட்டும் செய்தால் போதும்.

உங்கள் மாமியார் சொல்வதில் உள்ள ‘நன்றாக’ என்ற சொல்லுக்கு இப்போது பொருள் சொல்கிறேன். முதலில் கையைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள். சமையலறைத் தொட்டியை அடைத்து அதிலேயே காயைக் கொட்டாதீர்கள். பாத்திரம் கழுவிய எச்சம் முழுவதும் அங்கேதான் இருக்கிறது, தனி அகலப் பாத்திரம் வேண்டும். கீரையென்றால் கட்டைப் பிரித்து, வேரையும் அழுகலையும் ஆய்ந்துவிட்டு, பாத்திரம் நிறையத் தண்ணீரில் போட்டு இரண்டு கையாலும் மேலும் கீழுமாக அலையுங்கள். ஒரு நிமிடம் அசையாமல் விடுங்கள், மண் அடியில் போய்ப் படியும். இப்போதுதான் பெரும்பாலோர் தவறுகிறார்கள்: பாத்திரத்தைச் சாய்த்துத் தண்ணீரை வடிகூடை வழியாக வடித்துவிடுகிறார்கள். அடியில் படிந்த மண் முழுவதும் திரும்பக் கீரைமேல் வந்து உட்காரும். கீரையைத்தான் கையால் அள்ளி வெளியே எடுக்க வேண்டும், தண்ணீரை அதற்குப் பிறகு கொட்ட வேண்டும். வெள்ளைப் பாத்திரத்தில் செய்தால் அடியில் மணல் தெரிவதை வைத்தே இன்னொரு அலசல் வேண்டுமா என்று முடிவு செய்யலாம். அரைக்கீரைக்கு மூன்று, மழைநாள் கொத்தமல்லிக்கு நான்கு ஆகும். பிறகு நறுக்குங்கள். நறுக்கிவிட்டுக் கழுவினால் அழுக்கு உள்ளே போகிறது, சத்து வெளியே போகிறது.

திராட்சையைக் கொத்தோடு நீரில் சுழற்றினால் நடுவிலுள்ள பழங்களை நீர் தொடுவதே இல்லை, கம்பம் பன்னீர்த் திராட்சை போல நெருக்கமான கொத்தில் இன்னும் மோசம். கத்தரிக்கோலால் சிறு காம்போடு வெட்டி உதிர்த்துக் கழுவுங்கள். காம்பைப் பிடுங்கினால் அந்தத் துளை வழியாக நீர் இறங்கும். திராட்சைமேல் மாவு போலத் தெரிவது எல்லாம் மருந்து என்று எண்ண வேண்டாம், பழம் தானே சுரக்கும் மெழுகும் அப்படித்தான் இருக்கும். விரலால் தேய்த்தால் சீராக மறைந்து கருமை தெரிவது மெழுகு. நீல நிறத்திலோ சொட்டுச் சொட்டாகக் காய்ந்த கறையாகவோ இருந்தால் அது தெளித்த மருந்தாக இருக்கலாம். இதையெல்லாம் வாங்கி வந்த அன்றே செய்துவைக்காமல், சாப்பிடும் நேரத்தில் செய்யுங்கள். ஈரத்தோடு உறையில் கட்டிக் குளிர்பெட்டியில் வைத்தால் பூஞ்சை முந்திக்கொள்ளும்.

நீங்கள் கேட்காத ஒன்றையும் சொல்லிவிடுகிறேன், வீட்டில் சின்னக் குழந்தைகள் இருக்கிறார்கள் என்பதால். சத்து என்று முளைகட்டிய பயறைப் பச்சையாகக் கொடுப்பவர்கள் உண்டு. 2011-இல் ஜெர்மனியில் பச்சையாகத் தின்ற வெந்தய முளையிலிருந்து ஈ.கோலை என்ற குடல் கிருமி பரவி 50 பேருக்கு மேல் இறந்தார்கள். விதையின் வெடிப்பில் ஒட்டியிருக்கும் சில கிருமிகள், முளை வருவதற்காக நாம் தரும் அதே ஈரத்திலும் இளஞ்சூட்டிலும் இரண்டு நாளில் கோடிக்கணக்கில் பெருகிவிடும். கழுவி நீக்கும் நிலையை அது தாண்டிவிடுகிறது. இட்லிப் பானையில் ஐந்து நிமிடம் ஆவியில் வேகவைத்துக் கொடுங்கள்.